ஈபி பில்லில் தொடங்குங்கள்: மின்சாமான் டிஸ்ட்ரிபியூட்டர்களுக்கு ஒரு ஈஎம்எஸ் வழிகாட்டி

எம்சிபி என்ன விலை, வயர் காயில் என்ன விலை என்பதை வாங்குபவர் கடைக்கு வருமுன்பே போனில் பார்த்துவிடுகிறார். இரண்டு சதவீதம் குறைத்துக் கொடுக்க அடுத்த தெருவிலேயே ஆள் இருக்கிறது. கான்ட்ராக்டருக்கு அனுப்பிய சரக்குக்குப் பணம் வர மூன்று மாதம் ஆகும். அப்பாவின் கடையை இப்போது எடுத்து நடத்துபவர்களுக்கும் புதிதாக டிஸ்ட்ரிபியூட்டர்ஷிப் எடுத்தவர்களுக்கும் இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நம் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினால் ஜவுளிக்கடை, மருத்துவமனை, ஹோட்டல், கல்லூரி, கல்யாண மண்டபம் என்று வரிசையாகப் பெயர்கள் இருக்கும். அந்தக் கட்டடங்களின் மெயின் பேனலில் இருக்கும் பிரேக்கரும் கேபிளும் நாம் கொடுத்தவை. ஆனால் அவற்றின் வழியாகப் போகும் மின்சாரம் எந்த மாடியில், எந்த நேரத்தில், எதற்காகச் செலவாகிறது என்று கேட்டால் உரிமையாளருக்குப் பதில் தெரியாது. மாதம் ஒரு பில் வருகிறது, கட்டுகிறார். அந்த இடைவெளிதான் நமக்கான வேலை.

எரிசக்தி மேலாண்மை அமைப்பு, தொழிலில் சொல்வதுபோல ஈஎம்எஸ், நான்கு பாகம் கொண்டது. ஒவ்வொரு ஃபீடரிலும் (மெயின் பேனலிலிருந்து ஒரு பகுதிக்குப் போகும் மின்பாதை) உட்காரும் மீட்டர், மீட்டர்களை ஒன்றாகக் கோக்கும் தகவல் கம்பி, எண்களைச் சேர்த்து வைக்கும் மென்பொருள், அந்த எண்களைத் தினமும் பார்க்கும் ஒரு மனிதர். முதல் மூன்றையும் எல்லோரும் விற்கிறார்கள். மீட்டர் தானாக ஒரு யூனிட்டைக்கூட மிச்சப்படுத்தாது. நாலாவது பாகம் இல்லாமல் நீங்கள் மாட்டிக் கொடுக்கும் அமைப்பு ஆறு மாதத்தில் தூசி படிந்த திரையாகிவிடும், அடுத்த ஆர்டரும் வராது. கடையில் உட்கார்ந்து எழுதும் கொட்டேஷனிலேயே அந்த மனிதருக்கு ஓர் இடம் வையுங்கள்.

படி 1: பன்னிரண்டு மாத பில்லை வாங்குங்கள்

மீட்டர் கேட்லாக்கோடு போகாதீர்கள். "கடைசி பன்னிரண்டு மாத ஈபி பில்லைக் கொடுங்கள், இரண்டு நாளில் என்ன தெரிகிறது என்று எழுதித் தருகிறேன்" என்று மட்டும் கேளுங்கள். இதற்குக் காசு வாங்க வேண்டாம்.

எச்டி, அதாவது உயர் அழுத்த, இணைப்புள்ள கட்டடத்தின் பில்லில் யூனிட் கட்டணம் ஒரு பகுதிதான். கட்டடம் இழுக்கும் அதிகபட்சச் சுமைக்கு, கேவிஏ கணக்கில், டிமாண்ட் கட்டணம் தனி. தமிழ்நாட்டில், பதிவான உச்சத் தேவை அல்லது ஒப்பந்தத் தேவையில் 90%, இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்ட வேண்டும். இந்த ஒரு விதியைப் புரிந்துகொண்டவருக்கே பாதி வாடிக்கையாளர்கள் கதவைத் திறப்பார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒப்பந்தம் 250 கேவிஏ. பன்னிரண்டு மாதத்தில் ஒருமுறைகூட 160-ஐத் தாண்டவில்லை. ஆனாலும் மாதா மாதம் 225 கேவிஏ-க்குப் பணம் போகிறது. ஒப்பந்தத்தை 190 ஆகக் குறைத்தால் கட்ட வேண்டியது 171-க்கு. மிச்சம் 54 கேவிஏ. ஒரு கேவிஏ மாதம் 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே 27,000 ரூபாய். இன்றைய எச்டி வணிக விலை அதைவிட அதிகம். மீட்டரே மாட்டாமல், ஒரு விண்ணப்பத்தில் வரும் சேமிப்பு இது. இதை முதலில் சொல்லிக் கொடுங்கள். நமக்கு இதில் ஒரு ரூபாய் லாபம் இல்லை, ஆனால் அதன்பிறகு நீங்கள் சொல்வதை அவர் காது கொடுத்துக் கேட்பார்.

அவசரம் மட்டும் கூடாது. ஒப்பந்தத்தைத் தாண்டினால் கூடுதல் கேவிஏ-க்கு இரட்டைக் கட்டணம் விழும். ஜவுளிக்கடை என்றால் ஆடித் தள்ளுபடி மாதத்தையும் தீபாவளி மாதத்தையும் பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது. மண்டபம் என்றால் வைகாசி முகூர்த்தங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் ஏப்ரல், மே. அடுத்த வருடம் லிஃப்ட்டோ ஸ்கேன் இயந்திரமோ வரப்போகிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.

அப்புறம் பவர் ஃபேக்டர், அதாவது இழுக்கும் கேவிஏ-வில் உண்மையில் வேலை செய்யும் கிலோவாட்டின் பங்கு. 150 கிலோவாட் சுமை 0.85-ல் ஓடினால் 176 கேவிஏ, 0.98-ல் ஓடினால் 153 கேவிஏ. அதே வேலைக்கு 23 கேவிஏ வித்தியாசம். 0.90-க்குக் கீழே போனால் அபராதமும் சேரும். பல கட்டடங்களில் பவர் ஃபேக்டரைத் தானாகச் சரிசெய்யும் ஏபிஎஃப்சி பேனல் இருக்கும், கெபாசிட்டர்கள் எப்போதோ செத்திருக்கும். பில்லில் பவர் ஃபேக்டர் மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே வந்தால் அந்தப் பேனலைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். காலை, மாலை உச்ச நேர யூனிட்டுகளுக்கு 25% கூடுதல் பிடிக்கும் எச்டி இணைப்புகளில் அதுவும் தனி வரியாக இருக்கும். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: கட்டடத்தைச் சுற்றி வாருங்கள்

ஒருமுறை பகல் 12 மணிக்கு, ஒருமுறை எல்லோரும் போன பிறகு இரவு. இரண்டாவது நடைதான் முக்கியம்.

கடை பூட்டியபின் ஏஎச்யூ, அதாவது மாடிக்குக் குளிர்காற்றைத் தள்ளும் இயந்திரம், ஓடிக்கொண்டிருக்கும். யாரும் இல்லாத மாடியில் குளிர்நீர் பம்ப் சுற்றும். ஒரு கல்லூரியில் மாணவர்கள் விடுமுறைக்குப் போயிருந்த வாரத்தில் விடுதியின் வாட்டர் ஹீட்டர்கள் எல்லாம் சூடாக இருந்ததை நானே தொட்டுப் பார்த்திருக்கிறேன். இதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் அங்கேயே யாரையும் குறை சொல்லாதீர்கள்.

காரணம், உங்களோடு கூட நடப்பவர் அந்தக் கட்டடத்தின் மெயின்டனன்ஸ் மேனேஜர். தன் வேலையில் குற்றம் கண்டுபிடிக்க வந்திருக்கிறார்கள் என்று அவர் நினைத்துவிட்டால், மாட்டிய மீட்டர் ஒவ்வொன்றாக வேலை செய்யாமல் போகும். அவர் பயம் நியாயமானது. பத்து வருடமாக ஆள் போதாமல், ஸ்பேர் கேட்டால் கிடைக்காமல் அந்த இடத்தை ஓட்டியவர் அவர். "அண்ணா, நீங்கள் இத்தனை நாளாகக் கேட்டும் நிர்வாகம் வாங்கித் தராத பொருளுக்கு இந்த எண்கள்தான் ஆதாரம்" என்று சொல்லுங்கள். அது வெறும் பேச்சில்லை, உண்மை. எண்ணைக் காட்டினால் முதலாளி பணம் ஒதுக்குவார். என் அனுபவத்தில் மேனேஜர் நம் பக்கம் இருந்த எந்த இடத்திலும் வேலை பாதியில் நின்றதில்லை.

படி 3: எத்தனை மீட்டர், எங்கே

புதியவர்கள் செய்யும் தவறு, இருக்கும் எல்லா ஃபீடருக்கும் மீட்டர் போட்டு ஐம்பது மீட்டருக்குக் கொட்டேஷன் கொடுப்பது. விலையைப் பார்த்தே வாடிக்கையாளர் ஓடிவிடுவார். பத்து, பன்னிரண்டில் தொடங்குங்கள். மெயின் இன்கமர் (ஈபி மின்சாரம் உள்ளே வரும் இடம்), ஏசி பிளான்ட், ஏஎச்யூக்கள், லிஃப்ட், தண்ணீர் பம்புகள், மாடிக்கு ஒரு லைட்டிங் ஃபீடர், யுபிஎஸ், சமையலறை இருந்தால் அது, டிஜி எனும் டீசல் ஜெனரேட்டர்.

டிஜியை விட்டுவிடாதீர்கள். ஒரு லிட்டர் டீசலுக்கு மூன்றிலிருந்து மூன்றரை யூனிட் வர வேண்டும். பெரிய ஜெனரேட்டரைச் சின்ன சுமைக்கு ஓட்டினால் அது இன்னும் இறங்கும். டீசல் கணக்கு ஒரு நோட்டில், யூனிட் கணக்கு எங்கும் இல்லை என்ற நிலைதான் பெரும்பாலான இடங்களில். மீட்டர் வந்த முதல் மாதமே உரிமையாளர் கேள்வி கேட்க ஆரம்பிப்பார்.

வாடகைக்குக் கடைகள் விட்டிருக்கும் வணிக வளாகம் என்றால் கதையே வேறு. அங்கே தேவை இரட்டைக் கணக்கு மீட்டர். ஈபியில் ஓடிய யூனிட் ஒரு பக்கம், டிஜியில் ஓடிய யூனிட் ஒரு பக்கம் ஒரே மீட்டரில் தனித்தனியாகப் பதிவாகும். கடைக்காரர்களுக்கும் வளாகத்துக்கும் மாதா மாதம் நடக்கும் சண்டை அதோடு நிற்கும். புதிதாக இந்தத் தொழிலுக்குள் நுழைபவருக்கு எளிதான வாசல் இதுதான் என்பேன். சேமிப்பை நிரூபிக்க வேண்டிய கட்டாயம் இல்லை, தேவை கண்ணெதிரே இருக்கிறது.

புதுக் கட்டடம் கட்டுபவர்களிடம் பேசும்போது ஆற்றல் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பையும் எடுத்துச் செல்லுங்கள். 2007-ல் முதலில் வந்து 2017-ல் திருத்தப்பட்டது. 100 கிலோவாட் இணைப்புச் சுமையோ 120 கேவிஏ ஒப்பந்தத் தேவையோ உள்ள வணிகக் கட்டடங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. மின் அளவீடும் அதில் ஒரு பகுதி. பேனல் பில்டர் வரைபடம் போடும் கட்டத்திலேயே நீங்கள் உள்ளே போய்விட்டால் மீட்டருக்கும், கேபிளின் கரன்டை மீட்டருக்கு ஏற்றபடி குறைத்துக் கொடுக்கும் சிடிக்கும் (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) இடம் பேனலிலேயே கிடைக்கும். பின்னால் போய்க் கதவை வெட்டுவது இரு மடங்கு செலவு.

படி 4: சிடியில் கவனம்

ஈஎம்எஸ் தோற்கும் இடங்களில் முதலாவது மென்பொருள் இல்லை, சிடிதான். கரண்ட் டிரான்ஸ்ஃபார்மரை நாம் வருடக்கணக்காக விற்றிருக்கிறோம், ஆனால் மாட்டிய பிறகு என்ன ஆகிறது என்று போய்ப் பார்த்ததில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் பாதுகாப்பு. சுமை ஓடும்போது சிடியின் செகண்டரியை, அதாவது மீட்டருக்குப் போகும் பக்கத்தை, திறந்து விடக் கூடாது. அந்த முனைகளில் உயிரைப் பறிக்கும் அளவுக்கு வோல்டேஜ் ஏறும். அந்த முனைகளை ஒன்றாக இணைத்து வைக்கும் ஷார்ட்டிங் லிங்க் உள்ள டெர்மினல் இல்லாமல் ஒரு சிடியைக்கூட அனுப்பாதீர்கள். விலையைக் குறைப்பதற்காக அதை எடுத்துவிடச் சொன்னால் ஆர்டரையே விட்டுவிடுங்கள். உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும், நம் கடைப் பையன் இல்லை.

ஓடிக்கொண்டிருக்கும் கட்டடத்தில் ஷட் டவுன் கிடைப்பது கஷ்டம். மருத்துவமனையில் கிடைக்கவே கிடைக்காது. அங்கே இரண்டாகப் பிரிந்து கேபிளைச் சுற்றி மூடும் ஸ்ப்ளிட் கோர் சிடிதான் வழி. மூடும் முகத்தில் தூசி இருந்தாலோ சரியாகப் பூட்டாமல் போனாலோ அளவு தவறும். துணியால் துடைத்துவிட்டு, "டக்" என்று சத்தம் கேட்கும்வரை அழுத்தச் சொல்லுங்கள்.

அடுத்தது தூரம். சிடிக்கும் மீட்டருக்கும் நடுவே 10 மீட்டர் தூரம், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி என்று வையுங்கள். போக வர 20 மீட்டர், தடை சுமார் 0.15 ஓம். 5 ஆம்பியர் செகண்டரியில் அந்தக் கம்பி மட்டுமே 3.7 விஏ-வைத் தின்றுவிடும். 5 விஏ மட்டுமே தாங்கும் சிடியில் மீட்டருக்கு என்ன மிஞ்சும்? அதே தூரத்துக்கு 1 ஆம்பியர் செகண்டரி சிடி போட்டால் 0.15 விஏ-தான் போகும். தூரம் அதிகமென்றால் 1 ஆம்பியர், இதை ஸ்டாக் எடுக்கும்போதே முடிவு செய்யுங்கள்.

இனி நான் பட்டதைச் சொல்கிறேன். நாங்கள் செய்த மூன்றாவதோ நான்காவதோ தளம், ஒரு ஹோட்டல். ஏசி ஃபீடரில் 200/5 சிடி (200 ஆம்பியரை 5 ஆக்குவது) மாட்டியிருந்தோம், மீட்டரில் 400/5 என்று பதிந்துவிட்டோம். ஏசி செலவு இரு மடங்காகத் தெரிந்தது. அதை நம்பி உரிமையாளர் ஏசியின் சில்லர் இயந்திரத்தையே மாற்ற விலை கேட்கத் தொடங்கிவிட்டார். மெயின் மீட்டரின் எண்ணோடு ஒப்பிட்டபோதுதான் தவறு பிடிபட்டது. நேரில் போய்ச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, அறிக்கையைத் திருத்திக் கொடுத்தோம். அவர் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டார். ஒரு மாதம் தாமதமாகியிருந்தால் அவர் தேவையில்லாமல் பல லட்சம் செலவழித்திருப்பார், அதை நினைத்தால் இன்றும் எனக்கு உறுத்தல்தான். அன்றிலிருந்து ஒவ்வொரு சிடியையும் அதன் பெயர்த்தகடு தெரியும்படி போட்டோ எடுத்து, மீட்டரின் செட்டிங் திரையையும் போட்டோ எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே கமிஷனிங் தாளில், அதாவது அமைப்பை ஓட வைத்து ஒப்படைக்கும் தாளில், கையெழுத்துப் போடுகிறோம்.

படி 5: தகவல் கம்பி

பெரும்பாலான மீட்டர்கள் மோட்பஸ் மொழியில், ஆர்எஸ்-485 கம்பியில் பேசும். கம்பி மீட்டரிலிருந்து மீட்டருக்குச் சங்கிலியாகப் போக வேண்டும், ஒரே இடத்திலிருந்து நட்சத்திரம் மாதிரி பிரியக் கூடாது. முறுக்கிய இணை, ஷீல்டு உள்ள கேபிள். ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். இரு கோடிகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர். பவர் கேபிளோடு, அதுவும் மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவியான விஎஃப்டி-யின் மோட்டார் கேபிளோடு, ஒரே ட்ரேயில் படுக்க வைக்காதீர்கள். ஒரு சங்கிலியில் 32 கருவி என்பது வழக்கமான எல்லை. ஒவ்வொரு மீட்டருக்கும் தனி எண், எல்லாவற்றுக்கும் ஒரே பாட் ரேட் (தகவல் போகும் வேகம்). அந்த எண்ணை மீட்டரின் முகத்திலேயே ஸ்டிக்கராக ஒட்டிவிடுங்கள்.

திரையில் கோடிக்கணக்கில் அர்த்தமில்லாத எண் வந்தால் மீட்டர் கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பாதீர்கள். பெரும்பாலும் மீட்டர் இரண்டு துண்டாக அனுப்பும் எண்ணின் இரு பாதிகளும் இடம் மாறிப் படிக்கப்படுகின்றன. மென்பொருளில் ஒரு செட்டிங்கை மாற்றினால் சரி.

எலக்ட்ரிகல் ரூம் பேஸ்மென்டில் இருக்கும், அங்கே மொபைல் சிக்னல் இருக்காது. எண்களை வெளியே அனுப்பும், சிம் போட்ட கேட்வேயைக் கொட்டேஷனில் எழுதுமுன் உங்கள் போனை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குள் போய் நின்று பாருங்கள்.

படி 6: முதல் வாரம் எதையும் சொல்லாதீர்கள்

சப் மீட்டர்களின் கூட்டுத்தொகையும் மெயினும் எவ்வளவு ஒத்துப் போகின்றன என்று ஒரு வாரம் பாருங்கள். அளக்காமல் விட்ட ஃபீடர்கள் எவை என்று உங்களுக்குத் தெரியும், அதற்கு மேல் இடைவெளி இருந்தால் எங்கோ தவறு. ஒரு ஃபேஸில் கிலோவாட் மைனஸில் காட்டினால் சிடி தலைகீழ். பவர் ஃபேக்டர் நம்ப முடியாதபடி இருந்தால் ஆர் ஃபேஸ் சிடி ஒய் ஃபேஸ் வோல்டேஜோடு இணைந்திருக்கும். இதெல்லாம் சரியான பிறகு கணினியைத் திறந்து உரிமையாளருக்குக் காட்டுங்கள்.

படி 7: எண்ணிலிருந்து வேலைக்கு

முதலில் பார்க்க வேண்டியது இரவு 2 மணி எண். யாருமில்லாத நேரத்தில் கட்டடம் எவ்வளவு இழுக்கிறது? ஃபிரிட்ஜ், சர்வர், பாதுகாப்பு விளக்கு இவற்றைக் கழித்தபின் மிஞ்சுவது எல்லாம் யாரோ அணைக்க மறந்தது. ஒரு டைமரும், அது சொன்னபடி சுமையை அணைக்கும் கான்டாக்டரும் போதும். மிக மலிவான சேமிப்பு இங்கேதான் இருக்கிறது.

அடுத்து உச்சத் தேவை எந்த நாள், எந்த நேரம் வந்தது என்று பாருங்கள். இங்கே ஒரு பரவலான நம்பிக்கையைத் திருத்த வேண்டும். மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது இழுக்கும் கரன்டால்தான் டிமாண்ட் ஏறுகிறது என்று பல எலக்ட்ரீஷியன்கள் சொல்வார்கள். ஈபி மீட்டர் டிமாண்டைச் சில நொடிக்குக் கணக்கிடுவதில்லை, பல நிமிடங்களின் சராசரியை எடுக்கிறது. சில நொடி இழுவை அதில் கரைந்துவிடும். உண்மையான காரணம், காலையில் எல்லா ஏசியையும் ஒரே நேரத்தில் போட்டு, சூடேறிக் கிடக்கும் கட்டடத்தைக் குளிர்விக்க அவை எல்லாம் அரை மணி நேரம் முழு மூச்சில் ஓடுவதுதான். மாடிக்கு மாடி இருபது நிமிடம் தள்ளிப் போட்டால் உச்சம் இறங்கும். பம்புகளை அந்த நேரத்தில் ஓட்டாமல் இருந்தாலும் இறங்கும்.

ஏசி வெப்பநிலையைப் பற்றியும் பேசுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6% மிச்சம் என்பது ஆற்றல் திறன் பணியகம், அதாவது பிஇஇ, சொல்லும் கணக்கு. 20-ல் ஓடும் ஷோரூமை 24-க்குக் கொண்டுவருவது ஒரே நாளில் நடக்காது, வாரத்துக்கு ஒரு டிகிரி என்று ஏற்றுங்கள்.

இதற்குப் பிறகுதான் நம் கடைச் சரக்குக்கு வேலை வருகிறது. ஏஎச்யூ ஃபேனுக்கு விஎஃப்டி போட்டு வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் மின்தேவை கிட்டத்தட்ட பாதியாகும், ஏனென்றால் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் மின்தேவை மாறும். 0.8 × 0.8 × 0.8 என்பது 0.51. டக்ட் அழுத்தத்தைப் பொறுத்து நடைமுறையில் சேமிப்பு கொஞ்சம் குறைவாக வரலாம், அதைச் சொல்லியே விற்றுவிடுங்கள். விஎஃப்டிகள் கூடினால் மின் அலையைக் குலைக்கும் ஹார்மானிக்ஸ் கூடும், கெபாசிட்டர்கள் சூடாகும், அப்போது ஏபிஎஃப்சி பேனலில் கெபாசிட்டர்களைக் காக்கும் ரியாக்டர் சேர்க்க வேண்டிவரும். இப்படி ஓர் எண்ணிலிருந்து அடுத்த ஆர்டர் பிறக்கிறது. விலை பேரம் குறைவாக இருக்கும், ஏனென்றால் இந்தப் பொருள் ஏன் வேண்டும் என்று வாடிக்கையாளருக்கே தெரியும்.

சேமிப்பைக் காட்டும்போது மே மாதத்தை டிசம்பரோடு ஒப்பிடாதீர்கள். போன வருட மே, இந்த வருட மே. நடுவில் புதிய மாடி திறந்தார்களா, வேலை நேரம் கூடியதா என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். பெரிய தளங்களில் பிஇஇ சான்று பெற்ற ஆற்றல் தணிக்கையாளரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அவருக்குப் போகும் கட்டணம் உங்களுக்கு நஷ்டம் இல்லை.

படி 8: விலையும் பணமும்

மீட்டர் விலையில் லாபம் தேடினால் மறுபடி பழைய பேரத்துக்கே போய்விடுவீர்கள். பொருளுக்கு ஒரு வரி, நிறுவுதலுக்கும் கமிஷனிங்குக்கும் ஒரு வரி, மாதாந்திரக் கவனிப்புக்கு ஒரு வரி என்று கொட்டேஷனைப் பிரியுங்கள். ஆர்டரோடு ஒரு பங்கு, சரக்கு இறங்கியதும் ஒரு பங்கு, கமிஷனிங் தாளில் கையெழுத்தானதும் மீதி. கான்ட்ராக்டர் வழியாக மூன்று மாதக் கடனில் இதைச் செய்யாதீர்கள், தாங்காது.

மாதாந்திரக் கவனிப்பு என்பது என்ன? நம் அலுவலகத்தில் ஒருவர் தினமும் காலை ஒவ்வொரு தளத்துக்கும் பத்து நிமிடம் உட்கார்ந்து நேற்றைய எண்ணைப் பார்ப்பார். மாறுதல் தெரிந்தால் அந்தக் கட்டடத்தின் மேனேஜருக்குப் போன் செய்வார். மாதக் கடைசியில் இரண்டு பக்க அறிக்கை. இதற்கு பொறியாளரே வேண்டும் என்பதில்லை. எங்கள் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த பெண்தான் இதைச் செய்கிறார், இப்போது அவரைப்போல ஒரு கட்டடத்தின் துடிப்பைப் புரிந்துகொள்பவர் எங்களிடம் வேறு யாரும் இல்லை. ஒருநாள் காலை, ஒரு மருத்துவமனையின் தண்ணீர் பம்ப் வழக்கத்தைவிட மூன்று மணி நேரம் அதிகம் ஓடியிருப்பதைப் பார்த்துச் சொன்னார். தரைக்கு அடியில் குழாய் உடைந்திருந்தது.

ஒப்பந்தம் எழுதும்போது எண்கள் யாருக்குச் சொந்தம் என்று தெளிவாக எழுதுங்கள். அவை வாடிக்கையாளருடையவை. நாளை அவர் வேறு ஒருவரிடம் போனாலும் பழைய எண்களை எடுத்துக்கொண்டு போக வழி இருக்க வேண்டும். மீட்டர்களின் பாஸ்வேர்ட், கேட்வேயின் சிம் எண், சிடி விகிதப் பட்டியல், மீட்டர் எண்களோடு கூடிய ஒற்றைக் கோட்டு வரைபடம், இந்த நாலையும் இரண்டு பிரதி எடுத்து ஒன்றை நம் கோப்பிலும் மற்றொன்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மெயின் பேனலின் கதவுக்கு உட்புறத்திலும் வைத்துவிட்டு வாருங்கள்.